கட்டுரை நோட்டில் 'வெரி குட்' தவிர வேறென்ன எழுதலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் 17 வருஷமாகத் தமிழ் எடுக்கிறேன், பெரும்பாலும் எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும். பிள்ளைகளின் வேலையை எப்படிப் பாராட்டுவது என்று முதலில் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்குப் புதிதாக வந்த இரண்டு டீச்சர்கள் கேட்டார்கள், அப்புறம் வீட்டில் டியூஷன் எடுக்கும் என் தங்கை, அப்புறம் பெற்றோர் கூட்டம் முடிந்து கேட் பக்கம் நிற்கிற அம்மாக்கள். ஒரே பதிலை வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நோட்டில் 'வெரி குட்' எழுதி ஒரு ஸ்டார் போட்டால் போதாதா? பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்களே?

சந்தோஷப்படுவார்கள்தான். போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஸ்டாரை எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போவதில் என்ன தப்பு? ஆனால் அதைப் பாராட்டு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். 'பார்வையிட்டேன்' என்று சீல் குத்துவதற்கும் அதற்கும் மையின் நிறம்தான் வித்தியாசம்.

நானே ஏழெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் என் கையெழுத்தில் 'அருமையான கட்டுரை, தொடர்ந்து எழுது'. ஒருத்தி கைடில் இருந்ததை ஒரு புள்ளி மாறாமல் இறக்கியிருந்தாள். இன்னொருத்தி, தெருவில் தண்ணீர் லாரி வரும்போது யார் குடம் முதலில், யார் குடம் கடைசியில் என்று தானாகவே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அந்த இரண்டாமவள் என்னிடம் சண்டைக்கெல்லாம் வரவில்லை. மெதுவாக, "மிஸ், நீங்க படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

படிக்கவில்லை என்பதுதான் உண்மை. மூன்றாவது வரி வரைக்கும் பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

அன்றைக்குப் புரிந்தது, பிள்ளை தேடுவது இரண்டே விஷயம். ஒன்று, மிஸ் இதைப் படித்தாரா. இரண்டு, இதில் எது நன்றாக வந்திருக்கிறது, அடுத்த தடவையும் எதைச் செய்யலாம். 'வெரி குட்' இந்த இரண்டில் ஒன்றையும் சொல்வதில்லை.

அப்போ என்னதான் எழுதுவது? உதாரணம் காட்டுங்கள்.

எட்டாம் வகுப்பு, தலைப்பு 'எங்கள் வீட்டில் ஒரு நாள்'. காசிமேட்டிலிருந்து வருகிற பையன் ஒருவன் மொத்தமே பதினோரு வரி எழுதியிருந்தான் (ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்). நடுவில் இப்படி வருகிறது:

"எங்க அப்பா கடல்ல இருந்து வந்தா பேச மாட்டாரு. தண்ணி குடிப்பாரு. அப்பறம் வலைய பாப்பாரு எங்க கிளிஞ்சிருக்குன்னு. அப்பறம் தான் என்ன பாப்பாரு."

பழைய நானாக இருந்தால் ஆறு இடத்தில் வட்டம் போட்டு, 'பேச்சு வழக்கைத் தவிர்', 'முன்னுரை எங்கே?' என்று எழுதிப் பத்துக்கு நாலு போட்டிருப்பேன். அந்தப் பையனும் அடுத்த முறை கைடைப் பார்த்து எழுதியிருப்பான். இந்த முறை அந்த நாலு வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

"முதலில் தண்ணீர், அப்புறம் வலை, அதற்கப்புறம்தான் நீ. இந்த வரிசையில் சொன்னதால், அப்பா எவ்வளவு களைத்து வந்திருக்கிறார், வலை கிழிந்தால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் நீ சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைப் பார்த்ததும் என்ன சொல்வார்? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே."

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எந்த இடம் என்று காட்டினேன், அங்கே அவன் என்ன செய்திருக்கிறான் என்று சொன்னேன் (வரிசையாகச் சொல்லியிருக்கிறான், அவனுக்கே அது தெரியாது), படித்த எனக்கு என்ன ஆனது என்று சொன்னேன். கடைசியில் கேட்டது நிஜமாகவே எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த கேள்வி. 'நீ பெரிய எழுத்தாளன் ஆவாய்' என்று எழுதவில்லை, அது எனக்குத் தெரியாது, அவனுக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை.

அடுத்த கட்டுரையில் அவன் பாட்டி மீன் கூடையைத் தலையில் ஏற்றுவதை இதே மாதிரி எழுதியிருந்தான்: சும்மாடு, கூடை, அப்புறம் ஒரு கையால் முந்தானை. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுதினான் என்று தெரியும். பரவாயில்லை, வரிசையாகப் பார்க்கப் பழகிவிட்டான் இல்லையா.

தமிழ்க் கட்டுரைக்குச் சரி. கணக்குக்கு எப்படி? விடை ஒன்று சரி, இல்லாவிட்டால் தப்பு, அவ்வளவுதானே?

எங்கள் கணக்கு சாரும் இதையேதான் சொன்னார். அவர் கையில் இருந்த நோட்டையே வாங்கிப் பார்த்தோம். 480 ரூபாய்ச் சட்டைக்கு 25 சதவீதம் தள்ளுபடி, என்ன விலை? ஒரு பெண் 480 ÷ 4 = 120 என்று போட்டு, 480 − 120 = 340 என்று முடித்திருந்தாள். சார் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்.

ஆனால் வகுப்பில் பாதிப் பேர் 25-ஐ 480-ஆல் பெருக்கி நூற்றால் வகுத்துக்கொண்டிருக்கும்போது, 25 சதவீதம் என்றால் நாலில் ஒரு பங்கு என்று இவள் பிடித்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவள் 'நம்ம வழியே தப்பு போல' என்று நினைத்து அடுத்த முறை அந்தச் சுலபமான வழியையே விட்டுவிடுவாள். 'நாலில் ஒன்று என்று பிடித்தாயே, அதுதான் சுருக்கு வழி. கழித்தலை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பார்' என்று எழுதினால் போதும். 360 என்று அவளே திருத்திக்கொள்வாள், நாம் எழுத வேண்டியதில்லை.

அறிவியலிலும் அப்படித்தான். பூவின் பாகங்கள் படம் அழகாக இருக்கிறது என்பதை விட, 'கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டாமல் ஒரே பக்கமாக இழுத்துப் பெயர் எழுதியிருக்கிறாய், தேடாமல் படிக்க முடிந்தது' என்பது உபயோகமான பாராட்டு. முதலாவது கை ராசி பற்றியது, இரண்டாவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது.

ஒரு வகுப்பில் 45 பேர். நாலு வகுப்பு. இதெல்லாம் நடக்கிற காரியமா?

எல்லாருக்கும் எல்லாத் தடவையும் என்றால் நடக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் ஒரு வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம், நாலு வகுப்புக்கு ஆறு மணி நேரம். நமக்கு இருக்கிற ஒன்றிரண்டு ஃப்ரீ பீரியடும் சப்ஸ்டிட்யூஷனில் போய்விடும். இதைப் படிக்கிற டீச்சர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

நான் செய்வது இதுதான். ஒரு கட்டுரைக்கு ஒரு வகுப்பில் ஒன்பது பேருக்கு மட்டும் ஒழுங்காக எழுதுவேன். மற்றவர்களுக்கு வழக்கமான டிக், பிழைத் திருத்தம், கையெழுத்து. அடுத்த கட்டுரைக்கு வேறு ஒன்பது பேர். ஐந்து கட்டுரையில் வகுப்பே ஒரு சுற்று வந்துவிடும். யாருக்கு முடிந்தது என்று வருகைப் பதிவேட்டின் நகலில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். அது இல்லாவிட்டால் நம் கை தானாகவே நன்றாக எழுதுகிற அந்த ஆறு பேரிடமே திரும்பத் திரும்பப் போகும். நடு பெஞ்சில் சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஜூனிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஒரு வரிகூட வாங்காமல் போய்விடும், நமக்கே தெரியாது.

இன்னொன்று, வாயால் சொல்லலாம். நோட்டைக் கையில் கொடுக்கும்போது, "ரெண்டாவது பத்தியில அந்த ஆட்டோக்காரர் பேசினது நல்லா இருந்துச்சுடா" என்று சொல்ல ஐந்து விநாடி போதும்.

பாராட்ட எதுவுமே இல்லாத நோட்டு என்ன செய்வது? பொய் சொல்லவா?

பொய் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது நம்மை விடச் சீக்கிரம் தெரிந்துவிடும். 'கையெழுத்து அழகு' என்பது வேறு ஒன்றும் கிடைக்காதபோது டீச்சர்கள் எழுதுவது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் எதுவுமே இல்லாத நோட்டு நிஜமாகவே அபூர்வம். மூன்று வரிதான் எழுதியிருக்கிறானா, போன தடவை ஒரு வரிகூட எழுதாதவனா என்று பாருங்கள். ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் எழுதியிருக்கிறானா என்று பாருங்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். அடித்தல் என்றால் யோசித்திருக்கிறான் என்று அர்த்தம். 'மரம்' என்று எழுதியதை அடித்துவிட்டு 'புங்க மரம்' என்று எழுதிய பையனுக்கு, 'மரம் என்பதை அடித்துப் புங்க மரம் என்று மாற்றியிருக்கிறாய், இப்போது எனக்கு அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது' என்று எழுதினேன். மீதிப் பக்கம் முழுக்கத் தகராறுதான். அதைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொண்டோம்.

அப்படியும் ஒன்றும் கிடைக்கவில்லையா? பாராட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, "என்னப்பா ஆச்சு, எங்க நின்னுபோச்சு?" என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெற்றுப் பக்கம் கொடுத்தாள், கேட்டால் வீட்டில் கரண்ட் இல்லை, தம்பிக்குக் காய்ச்சல். அவளுக்கு என்ன பாராட்டு எழுதுவது?

கைடைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்களே, அதற்கு?

நம் கட்டுரைகளில் பாதி இதுதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் நாலு உள்தலைப்பு, ஒரு மேற்கோள். 45 நோட்டிலும் ஒரே 'மழைநீர் சேகரிப்பு'. இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது, பரீட்சையில் அப்படி எழுதினால்தான் மார்க் என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தான்.

இந்த நோட்டுகளில் நான் தேடுவது ஒரே ஒரு சொந்த வாக்கியம். எங்கேயாவது கைடிலிருந்து வழுக்கி விழுந்திருப்பார்கள். 'எங்கள் வீட்டு மாடித் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்து சண்டை வந்தது' என்று முடிவுரைக்கு முன்னால் ஒரு பையன் எழுதியிருந்தான். அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டு, 'இது உன்னுடைய வரி. கட்டுரையில் மறக்காமல் நினைவில் நிற்பது இதுதான். சண்டை எப்படித் தீர்ந்தது?' என்று எழுதினேன். மற்ற பத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைடுக்கும் சொந்த வரிக்கும் வித்தியாசம் நமக்குத் தெரிகிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும், திட்ட வேண்டியதில்லை.

'நீ புத்திசாலி' என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. 1998-ல் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனை ஒன்று உண்டு. புதிர் மாதிரிக் கணக்குகள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் 'நீ ரொம்பப் புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அப்புறம் வேண்டுமென்றே கஷ்டமான கணக்கு, அதற்கப்புறம் மறுபடி முதலில் கொடுத்த மாதிரியே ஒன்று. புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் கஷ்டமான கணக்கில் தடுக்கியதும் சுருண்டுவிட்டார்கள். கடைசியில் வந்த சுலபமான கணக்கைக்கூட முன்பு செய்த அளவுக்குச் செய்யவில்லை. கணிசமானோர் தங்கள் மார்க்கைக் கூட்டியும் சொன்னார்கள். யோசித்தால் நியாயம்தான்: புத்திசாலி என்று பெயர் வாங்கிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டும், கஷ்டமான கணக்கைத் தொட்டால் பெயர் போய்விடும்.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் 'நல்ல முயற்சி, நல்ல முயற்சி' என்று ஆரம்பிக்காதீர்கள். புத்தி பிறவியோடு முடிந்துபோவதில்லை, உழைத்தால் வளரும் என்ற டுவெக்கின் கருத்தை வைத்துப் பின்னால் பள்ளிகளில் நடத்திய பயிற்சிகளின் பலன் சராசரியாகப் பார்த்தால் சிறியதுதான் என்று சர்ச்சையும் நடந்தது. அதுவும் நம் ஊரில் 'நல்ல முயற்சி' என்றால் பிள்ளைக்கு 'தேறவில்லை' என்றுதான் காதில் விழும். முயற்சியைச் சொல்வதானால் என்ன முயற்சி என்று சொல்லுங்கள்: 'மூன்று தடவை தொடக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறாய், மூன்றாவதுதான் சரியாக வந்திருக்கிறது.'

கொஞ்சம் கூட்டியே புகழ்ந்தால்தான் என்ன? பாவம், தன்னம்பிக்கை இல்லாத பிள்ளை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நல்ல மனசோடு தப்புச் செய்கிறார்கள். எடி புருமல்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நெதர்லாந்தில் பிள்ளைகளை வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் வரைந்த படத்துக்குச் சிலரிடம் 'அழகான படம்' என்றும் சிலரிடம் 'நம்ப முடியாத அளவுக்கு அழகான படம்' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். தன்மேல் நம்பிக்கை குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டிய பாராட்டு எதிராகத்தான் வேலை செய்தது. அடுத்து எந்தப் படம் வரைய வேண்டும் என்று கேட்டபோது சுலபமான படத்தைத் தேடிப் போனார்கள். இன்னொரு தடவை 'நம்ப முடியாத அளவு' வரைய முடியாதே என்ற பயம் வந்துவிட்டது போல. யாருக்கு இது தேவை என்று நினைத்துக் கூட்டிச் சொல்கிறோமோ அவர்களுக்கே அது பாரமாகிறது.

சாதாரணமாகச் சொல்லுங்கள். அளவு சின்னதாக, இடம் துல்லியமாக இருக்கட்டும்.

மார்க்கும் போட்டுப் பாராட்டும் எழுதலாமா?

பரீட்சைப் பேப்பரில் வேறு வழியில்லை. கட்டுரை நோட்டில் நான் மார்க் போடுவதை விட்டுவிட்டேன், முதல் சுற்றிலாவது. காரணம் எளிது, மார்க் இருந்தால் பிள்ளை அதைத்தான் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் மார்க்கைப் பார்க்கும், நோட்டை மூடிவிடும். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் இஸ்ரேலில் செய்த ஆய்வில் இது அப்படியே தெரிந்தது: குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. மார்க் மட்டும் வாங்கியவர்களுக்கும், மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களுக்கும் அந்தப் பலன் இல்லை. அதாவது மார்க் பக்கத்தில் இருந்தால் நாம் உட்கார்ந்து எழுதிய குறிப்பு வீண். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது, எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது!

தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது பருவம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் பரீட்சை வைக்கிற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறி என்ற சொல்லே அழகு, வளர்வதற்காக அறிவது. நடைமுறையில் அந்த நாற்பதும் ரெஜிஸ்டரில் நிரப்ப வேண்டிய நாற்பதாகிவிட்டது. ஹெச்.எம். மார்க் கேட்டால், தனித் தாளில் குறித்து வைத்து ரெஜிஸ்டரில் ஏற்றிவிடுங்கள். நோட்டில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தால், குறிப்பை எழுதி நோட்டைக் கொடுத்து, பிள்ளை ஒரு பத்தியைத் திருத்தி எழுதிக் கொடுத்த பிறகு மார்க்கைப் போடுங்கள்.

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஒரு பாராட்டு என்று பயிற்சியில் சொன்னார்களே?

சாண்ட்விச் முறை. எனக்கும் சொன்னார்கள். பிள்ளைகள் இரண்டாவது தடவையே கண்டுபிடித்துவிடுவார்கள், 'நல்லா இருக்கு' என்று ஆரம்பித்ததுமே முகம் 'ஆனா'வுக்குத் தயாராகிவிடும். அப்புறம் நீங்கள் நிஜமாகப் பாராட்டினாலும் 'ஆனா' எங்கே என்று காத்திருப்பார்கள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும், மறைக்கச் சொல்லவில்லை. பாராட்டு என்றால் நல்லதுதான் நடக்கும் என்பதும் இல்லை. கிளூகர், டினிசி என்ற இருவர் 1996-ல், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்ன சந்தர்ப்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை முன்பை விட மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டுவிட்டு ஆள் மேல் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

அதனால் நான் இரண்டையும் ஒட்டவைப்பதில்லை. பாராட்டைப் பாராட்டாக எழுதி முற்றுப்புள்ளி வைப்பேன். குறை தனி வரி, அதுவும் ஒன்றே ஒன்று. நிறையத் திருத்தம் போட வேண்டிய நோட்டாக இருந்தால் ஏன் இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்றும் சொல்வேன்: 'உன்னால் இதை விட நன்றாக எழுத முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை இடத்தில் குறித்திருக்கிறேன்.' இதையும் 2014-ல் டேவிட் யேகர் குழுவினர் அமெரிக்கப் பள்ளியில் சோதித்திருக்கிறார்கள். இப்படி ஒரு வரி சேர்த்த கட்டுரைகளைத் திருத்தி மறுபடி கொடுத்த பிள்ளைகள் கூடினார்கள், அதுவும் ஆசிரியர் தங்களை மட்டமாக நினைக்கிறாரோ என்ற சந்தேகம் இருக்கக் காரணமுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் அதிகமாக. நம் வகுப்பிலும் அந்தச் சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் உண்டு, யார் என்று நமக்குத் தெரியும்.

பேச்சுத் தமிழில், அதுவும் மெட்ராஸ் பாஷையில் எழுதினால் பாராட்டுவதா, திருத்துவதா?

இரண்டும்தான், ஒரே நாளில் வேண்டாம். பிள்ளைக்கு விஷயம் வருவது வீட்டுப் பேச்சில். 'இஸ்துகினு வந்தான்' என்று ஒரு பையன் தம்பியைப் பற்றி எழுதினான். அதை 'இழுத்துக்கொண்டு வந்தான்' என்று மாற்றினால் இலக்கணம் சரி, தம்பியின் வேகம் போய்விடுகிறது. நான் சொன்னது: 'இது தம்பி வருகிற வேகத்துக்குச் சரியான சொல். யாராவது பேசுவதாக எழுதும்போது மேற்கோள் குறிக்குள் இதை அப்படியே வை. நீ சொல்லும் இடத்தில் எழுத்து வழக்கில் எழுது, பரீட்சையில் அதுதான் கேட்பார்கள்.' அவன் பாஷை தப்பு என்று சொல்லவில்லை, எது எங்கே என்று சொன்னேன்.

ல, ள, ழ பிழைகளும் ர, ற பிழைகளும் தனி வேலை. ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஆசிரியை எல்லாப் பிழையையும் பார்க்கவில்லை என்று ஒரு அப்பா வந்து சத்தம் போட்டார். 'இந்த மாதம் ல, ள, ழ மட்டும்' என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன், அடங்கினார்.

எல்லார் முன்னாலும் பாராட்டலாமா?

பிள்ளையைப் பொறுத்தது. ஆறாம் வகுப்பில் பெரும்பாலும் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்பில் 'மிஸ்ஸோட செல்லம்' என்ற பெயர் வந்துவிட்டால் இன்டர்வெல்லில் உயிரை எடுத்துவிடுவார்கள். நான் பெயர் சொல்லாமல் அந்த வரியை மட்டும் போர்டில் எழுதுவேன், 'இந்த வரி எப்படி இருக்கு?' என்று கேட்பேன். எழுதினவனுக்குத் தெரியும் அது தன்னுடையது என்று. காது சிவக்கும். போதும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு என்ன எழுதுவது? எல்லாமே சரியாக இருக்கிறதே.

இவர்கள்தான் நிஜமாக ஏமாறுகிறவர்கள். முதல் ரேங்க் பெண்ணின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பக்கத்திலும் 'எக்ஸலண்ட்', ஒரு பக்கத்தில்கூட எதனால் என்று இருக்காது. அவளுக்கும் எந்த இடம் மற்றதை விட நன்றாக வந்தது என்று காட்டுங்கள். 'மூன்றாவது பத்தி மற்ற பத்திகளை விட ஒரு படி மேலே. அங்கே மட்டும்தான் நீ மேற்கோளை நம்பாமல் உன் சொந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கிறாய்' என்று எழுதினால், மற்ற பத்திகளைப் பற்றி அவளே யோசிப்பாள்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தலைக்கனம் வரும், கண் படும் என்கிறார்களே வீட்டில்?

ஔவை பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு, யாரை எப்போது புகழ வேண்டும் என்று. நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசிரியரை எந்த இடத்திலும், வேலையாளை வேலை முடிந்த பிறகு. பெற்ற பிள்ளைகளை மட்டும் மனசுக்குள். எங்கள் அப்பா இதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். நான் பத்தாவதில் தமிழில் 94 வாங்கிய சேதியை அவர் டீக்கடையில் சொன்னதாக டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை, ஆளைப் புகழ்வதைப் பற்றித்தான் அது சொல்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். 'என் பிள்ளை மாதிரி உண்டா' என்பதை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த வரி எனக்குப் புரிந்தது, இந்தக் கணக்கில் இந்த வழி நல்ல வழி' என்பதற்குக் கண் படாது. அதே பாட்டு வேலையாளை வேலை முடிந்ததும் புகழச் சொல்கிறது, கட்டுரை எழுதுவதும் வேலைதானே.

நாங்கள் டீச்சர் இல்லை, பெற்றோர். வீட்டில் என்ன செய்வது?

ஹோம்வொர்க்கைப் பார்க்கும்போது மார்க்கைக் கேட்காமல், "இதுல உனக்கே எது பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். முதல் நாள் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் வரும். நாலாவது நாள் காட்டும். படிக்கத் தெரியாத அம்மா ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார், நான் எப்படிப் பார்ப்பேன் என்று. உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். 'அந்த இடத்தை இன்னொரு தடவை படி' என்று அம்மா சொன்னால், நான் எழுதுகிற மூன்று வரி அதற்குப் பக்கத்தில் நிற்காது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பாராட்டுவதும் வேண்டாம். 'அவளை விட நீ பரவாயில்லை' என்பதில் பாராட்டு எங்கே இருக்கிறது?

சிவப்பு மை கூடாது என்கிறார்களே?

எந்த மையும் சரி. நான் பச்சை வைத்துக்கொண்டிருந்தேன், பச்சை ஹெச்.எம்.முக்கு உரியது என்றார்கள், இப்போது பென்சில்.

எழுதியதைப் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

பதில் கேட்டால்தான் தெரியும். குறிப்பின் கடைசியில் நான் ஒரு கேள்வி வைப்பது அதற்காகத்தான். அடுத்த கட்டுரைக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன். காசிமேட்டுப் பையனிடம் உன்னைப் பார்த்ததும் அப்பா என்ன சொல்வார் என்று கேட்டிருந்தேன் இல்லையா, கீழே பென்சிலால் எழுதியிருந்தான்: "சாப்ட்டியா ன்னு கேப்பாரு மிஸ்."

எப்போது ஆரம்பிக்கலாம்?

காலாண்டுப் பேப்பர் கட்டு வந்து விழும்போது ஆரம்பிக்காதீர்கள், மூன்று நாளில் மார்க் ஏற்ற வேண்டிய நேரத்தில் ஒன்றும் ஓடாது, இரண்டே நாளில் வெறுத்துவிடும். அடுத்த கட்டுரை நோட்டு வரும்போது ஒரே வகுப்பில், அதிலும் நடு பெஞ்சிலிருந்து, ஐந்து நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள், திருத்தம் அப்புறம்.